கோடிக்கரையிற் காட்டக் கண்டது

கண்ணுடையார் அனைவரும் கண்டாராகார். காணப்படும் பொருள் எதிரே நிற்க, கண்ணும் பழுதின்றியிருக்க, ஞாயிற்றின் ஒளியும் பரந்திருக்க, இம்மூன்றும் கூடியவழியுங்கூடக் காட்சி நிகழாதொழிதல் உலகியலிற் பலகாலும் காணப்படுவதேயாம். பதிகம் எழுதிய ஏட்டைச் சிறுகுழவி பார்க்கின்றது, எழுத்தைக் காண்கின்றிலது. ஆசிரியன் விரல்வைத்து இஃது அகரம் என்று காட்டிய பின்னரே, அதுகாறும் வெறுங்கோடாய்க் கிடந்தது அதற்கு எழுத்தாகின்றது.

இவ்வுண்மையை மெய்கண்ட தேவர் சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரத்துள் நிலைநாட்டியருளினார். கண் தானே காணமாட்டாது. உயிர் அதனைச் செலுத்தி, அதனோடு உடனின்று காணுங்காலத்தே அது காணும். அங்ஙனமே உயிரும் தானே அறியமாட்டாது; முதல்வன் அதற்கு அறிவித்து, அதனோடு உடனின்று தானும் அறியுங்காலத்தே அஃது அறியும். முன்னதைக் காட்டும் உபகாரம் என்றும், பின்னதைக் காணும் உபகாரம் என்றும் ஆன்றோர் கூறுவர். இவ்விரண்டனுள் முன்னது விளங்குமளவிற்குப் பின்னது விளங்குவதில்லை. காட்டுதல் ஒன்றே அமையாதோ? காட்டுகின்றவன் உடன்காணுதலும் வேண்டுமோ? என்னும் ஐயம் பாடங்கேட்கும் மாணாக்கர் பலர்க்கும் எழுவது இயல்பு.

இவ்வையத்திற்கு நூல்வழி விடை கூறிவந்த முதியவர் ஒருவர்க்கு, அதன் விடை வாழ்க்கையில் நேர்பட்டதொரு நிகழ்ச்சி ஈண்டு எழுதப்படுகின்றது. அது நிகழ்ந்த இடம் கோடிக்கரை, காலம் மார்கழி, நிமித்தம், குளிர்காலத்துப் பறவைகளைக் காணச் சென்ற ஒரு நாட்காலை நடை.

சோழநாட்டுக் கடற்கரை வடக்கினின்று தெற்கு நோக்கி வந்து, சடுதியில் மேற்கே மடங்குகின்ற மூலையே கோடிக்கரையாம். கோடி என்பது முனை, கடை எனப் பொருள்படும். இப்பொழுது கோடியக்கரை என வழங்கும் அவ்விடத்தில் வங்கக் கடலும் பாக்கு நீரிணையும் கூடுகின்றன. அப்பரும் சம்பந்தரும் பதிகம் பாடி மறைக்கதவந் திறப்பித்தும் அடைப்பித்தும் அருளிய திருமறைக்காடு இதற்கு வடக்கே ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சேரமான் பெருமாளோடு திருமறைக்காடு தொழுது இவ்வழி வந்த நம்பியாரூரர், கடற்காற்று மோதும் கரையில், அயலிற் குடியொன்றுமின்றிக் காட்டினிடையே தனித்திருந்த குழகரைக் கண்டு, இறைவன் தனிமைக்குத் தாம் இரங்கிப் பாடினார். எல்லார்க்கும் துணையாயினான் துணையின்றி இருக்கின்றானே என்று தோழர் உள்ளம் வருந்திய இடம் இது. ஆடி அமாவாசையினும் தை அமாவாசையினும் கடலாடுவார் இங்குத் திரளுவர். ஏனை நாட்களில் காடும் கடலும் சதுப்புமே துணை.

மக்கள் அருகிய அவ்விடத்தைப் பறவைகள் நாடி வருகின்றன. ஐப்பசி தொடங்கி மாசி இறுதிகாறும், சைபீரியத்தின் உறைபனி நிலங்களினின்றும், மத்திய ஆசியத்தின் ஏரிகளினின்றும், இமயச் சாரலினின்றும் வந்த புள்ளினங்கள் இதன் சேற்றுவெளிகளிலும் உப்பளங்களிலும் இரை கொள்கின்றன. பறவையறிஞர் சாலிம் அலியும், 1883-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் இதன் சிறப்பை உலகறியச் செய்தனர். அக்கழகத்தார் பன்னெடுங்காலமாக இங்குப் பறவைகளை வலையிற் பிடித்து, காலில் மெல்லிய வளையமிட்டு விடுத்து, அவை செல்லும் வழிகளை ஆராய்ந்துள்ளனர். 1967-இல் இக்காடு சரணாலயமாக்கப்பட்டது. 2002-இல் இதனைச் சூழ்ந்த 38,500 எக்டேர் நிலம், நீர்நிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையிற் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் அவ்வுடன்படிக்கையில் முதற்கண் சேர்ந்த இடம் இதுவே.

இனி அம்முதியவரைக் குறித்துச் சில கூறுதல் வேண்டும். அவர் தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். 30 ஆண்டுகட்கு மேலாக மாலைதோறும் அன்பர் சிலர்க்குச் சித்தாந்த சாத்திரம் பாடஞ் சொல்லி வந்தவர். அவர்தம் முதுமையில், விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து நேர்பார்வை மங்கலாயிற்று. எந்த எழுத்தின்மேற் கண்ணை நிறுத்துகின்றாரோ அவ்வெழுத்தே மறையும். அதன் அயலிலுள்ள எழுத்துக்கள் மாத்திரம் ஓரத்தில் நிழலாடும். எதிரில் வந்தவர் முகம் தெரியாது. அவர்தம் தோளும் நடையும் தெரியும். இழந்த பார்வை மீளாது என்று மருத்துவர் கூறிவிட்டனர். அவர் எவரிடத்தும் ஒன்றுங் கூறாது, நூல்களைத் துணியிற் பொதிந்து பேழையில் வைத்துப் பாடத்தையும் நிறுத்தினார். கண் என்பது மாயையின் காரியமாகிய ஒரு கருவி என்று பன்முறை எடுத்துரைத்தவர் அவர். அச்சொல் பொய்யன்று, ஆயினும் ஏடு இருளாகிய அந்நாளில் அச்சொல் அவர்க்கு ஆறுதலாயிற்றில்லை. அறிந்த பொருள் ஆறுதலாகாமையே கண்போயதினும் பெரிதாய் அவரை வருத்திற்று.

அவர்தம் மகள் வயிற்றுப் பேரன் கல்லூரியில் விலங்கியல் பயில்பவன். அவன் ஒருநாள், "தாத்தா, கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகின்றேன். நீங்களும் வாருங்கள்" என்றான். "பறவை பார்க்கக் கண்ணிலாதவனையா கூப்பிடுகின்றாய்?" என்றார் முதியவர். "குழகரைத் தொழலாமே" என்றான் பேரன். அதன்மேல் அவர் மறுத்திலர்.

இருவரும் திருமறைக்காட்டில் இரவு தங்கி, விடியுமுன் புறப்பட்டனர். பனி பெய்துகொண்டிருந்தது. காட்டின் ஓரத்தில் வனக்காவலர் ஒருவர் அவர்களோடு சேர்ந்துகொண்டார். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கரைகடந்த கசா புயலில் வீழ்ந்த மரங்கள் இன்னும் சில, பட்டை உரிந்து வெளுத்துக் கிடந்தன. நின்று பிழைத்த பாலைமரங்கள் அவற்றினிடையே கரிய நிழலாய்த் தோன்றின. அப்பொழுது புதரினின்று இருகூறாய் எழுந்த ஒரு சீழ்க்கை ஒலி கேட்டது. முதியவர் நின்று, "அஃதென்ன?" என்று வினவினார். பேரன் அதனைக் கேட்டிலன். மறுமுறை ஒலித்த பின்னரே கேட்டான். "ஆறுமணிக் குருவி, தாத்தா! விடியற்காலையும் அந்தியும் ஆறுமணியளவிற் கூவுதலால் அப்பெயர். கோடையில் வடக்கே இமயத்தின் அடிவாரக் காடுகளிற் கூடுகட்டிக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும். ஒன்பது நிறம் உடையது, ஆயினும் சருகிற் புகுந்துவிட்டால் எவர்க்கும் தெரியாது" என்றான். காணப்படாத அப்பறவைக்கு இருவரும் சிறிதுபொழுது செவிகொடுத்து நின்றனர்.

காடு நீங்கியவுடன் வெளி தோன்றிற்று. நீரும் சேறும் உப்பும் கலந்து, வானுக்கும் மண்ணுக்கும் எல்லை தெரியாது கிடக்கும் வெளி அது. புல்லில் வெளிமான்கள் மேய்ந்தன. பேரன் தொலைநோக்குக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தவன், "தாத்தா, அதோ! உப்புக்கொத்திகள் இருநூறுக்கு மேல் இருக்கும். அவற்றோடு கொசு உள்ளான்களும் இருக்கின்றன" என்று கைநீட்டினான். முதியவர் நோக்கினார். சாம்பல் நிறச் சேறொன்றே அவர்க்குத் தெரிந்தது. கண்ணாடியை வாங்கி நோக்கினார். நடுவே இருளும் ஓரத்தே மங்கலுமே தோன்றின. "எனக்கு ஒன்றும் இல்லை, தம்பி. நீ பார்" என்று கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். அருகில் நின்ற காவலர், "ஐயா, வேலைக்குச் சேர்ந்த முதலாண்டில் எனக்கும் இங்கே சேறுதான் தெரிந்தது. அவற்றின் முதுகும் சேறும் ஒரே நிறம். ஒருவர் பக்கத்தில் நின்று காட்டித்தான் பழகினேன்" என்றார். கண் பழுதற்றிருந்தவர்க்கும் அவ்வாறே என்பதனை முதியவர் கேட்டு வாளாவிருந்தனர்.

அப்பொழுது பேரன் ஒன்று செய்தான். கைநீட்டுதலை விடுத்து முதியவர் பின்னே வந்து, தன் உயரத்தைக் குறைத்துக் குனிந்து, தன் கன்னம் அவர் கன்னத்தை ஒட்டும்படி நின்றான். அவர் நிற்குமிடத்தினின்று என்ன தெரியும், அவர் கண் எப்பக்கம் காணும் என்பதனைத் தான் அவ்வளவினின்று முதலில் நோக்கினான். பின்பு, "தாத்தா, நேரே பாராதீர்கள். இடப்புறத்தில் ஒரு மரக்கட்டை கறுப்பாய்த் தெரிகிறதா? அதன்மேற் கண்ணை நிறுத்துங்கள். நிறுத்திக்கொண்டே வலப்பக்கத்து ஓரத்தைக் கவனியுங்கள்; அங்கே நகர்வது எதுவோ அதுதான்" என்றான்.

முதியவர் அவ்வாறே செய்தார். சிறிதுபொழுது ஒன்றுமில்லை. பின் எங்கோ ஒரு பருந்து தாழ்ந்தது போலும். சேறு முழுதும் ஒருங்கே எழுந்தது. எழுந்த கூட்டம் பழுப்பாய் ஒருபால் திரும்பிற்று, மறுநொடியே வயிறு காட்டித் திரும்புதலால் வெள்ளியெறிந்தாற்போல் ஒளிர்ந்தது, மீளப் பழுப்பாகி மறைந்தது, மீண்டும் ஒளிர்ந்தது. ஓரப்பார்வை அசைவை நன்குணரும் இயல்பினது. ஆகலின், நேர்பார்வை இழந்த அக்கண்ணிலும் அவ்வொளி தப்பாது புகுந்தது. "கண்டேன்" என்றார் முதியவர். அவர் குரல் நடுங்கிற்று. கன்னத்தை ஒட்டி நின்ற பேரனும் அந்நொடியே, "நானும் கண்டேன், தாத்தா" என்றான்.

இது நிற்க. அப்பறவைகளைப் பற்றிப் பேரன் வழிநெடுகக் கூறியன சிந்திக்கற்பாலன. கொசு உள்ளான் என்பது ஏறத்தாழ 25 கிராம் எடையே உடைய சிறு புள். அது வடதுருவத்தை அடுத்த நிலத்தில் முட்டையிட்டு, குளிர் தொடங்குமுன் தெற்கே பறந்துவருகின்றது. அதனினும் சிறிது பெரிய வளைமூக்கு உள்ளான் சைபீரியத்தின் வடகோடியினின்று கோடிக்கரைக்கு வருவதாயின், நேர்வழியே ஏறத்தாழ 7,000 கிலோமீட்டராகும். வியப்பு அத்தொலைவன்று. அவ்வினத்திற் சேவல்கள் முதலிலும், பேடைகள் பின்னுமாகத் தாய்நிலத்தை விட்டு நீங்கிவிடுகின்றன. குஞ்சுகள் அதன்பின்னரே புறப்படுகின்றன. தாம் ஒருகாலும் கண்டிராத நாட்டிற்கு, வழிகாட்டுதற்குப் பெற்றோர் இன்றி அவை வந்து சேருகின்றன. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில், ஏறத்தாழ ஐந்து திங்கள் நிரம்பிய பட்டைவால் மூக்கன் ஒன்று அலாசுகாவினின்று எழுந்து, இடையில் எங்கும் இறங்காது, 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து தாசுமேனியத் தீவை அடைந்ததனைச் செயற்கைக்கோள் வழியாற் கண்டறிந்தனர்.

"இக்குஞ்சுகட்கு வழி காட்டினார் யார்?" என்று முதியவர் கேட்டார். பேரன், "விண்மீன்களின் சுழற்சியும், ஞாயிற்றின் நிலையும், நிலவுலகின் காந்தப்புலமும் வழி காட்டுகின்றன என்பர், தாத்தா. அக்காந்தப்புலத்தைக் கண்ணிலுள்ள ஒரு புரதம் ஒளியின் துணையால் உணர்கின்றது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். எல்லாம் பிறப்பிலேயே அமைந்தவை" என்றான். முதியவர் அதனை மறுத்திலர். "நன்று. கருவி இன்னதென்று கண்டார்கள். அது பெரிய பணி. கருவியைக் கண்டமையால், அதனை உயிர்க்குக் கூட்டியவன் இலன் என்றாகாது. தண்டசக்கரத்தைக் கண்டவன் குயவனை மறுத்தானாகான்" என்றார்.

அப்பொழுது உப்பளத்தின் அப்பாற் பூநாரைகள் நின்றன. பேரன் அவற்றின் நிறத்தைக் கூறி, "குஞ்சுப்பருவத்தில் சாம்பல் நிறமாகவே இருக்கும். உண்ணும் பாசியிலும் சிறு இறாலிலும் உள்ள வண்ணமே நாளடைவிற் சிறகில் ஏறிச் சிவக்கின்றது" என்றான். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் தன்மை என்று படிகத்தை உவமைகாட்டிப் பாடஞ் சொல்லிய முதியவர்க்கு அச்சொல் இனிதாயிற்று. ஆயினும் அவர் அதனை விரித்திலர். பேரன் வேறொன்று நினைந்து நடக்கின்றான் என்பதனை அவன் நடையால் அறிந்திருந்தார்.

சிறிது தொலைவு சென்றபின் அவன் வினவினான். "தாத்தா, ஒன்று கேட்கலாமா? குஞ்சுக்கு வழிகாட்டுகின்றவன் அதனை எங்கே கொணர்ந்து விடுகின்றான்? இங்கு வரும் சிறு கரைப்பறவைகளின் தொகை முன்னாளினும் பெரிதும் குறைந்துவிட்டது என்று வளையமிட்டு ஆராய்ந்தவர்களே எழுதியுள்ளார்கள். நன்னீர் வரவு குறைகின்றது, சதுப்பு உப்பளமாகின்றது. காட்டுகின்றவன் இதனைக் கண்டிலனோ? முப்பதாண்டு அவன் நூலைப் படித்த உங்கள் கண்ணையும் அவன் காத்திலனே!"

இத்தடை பொருளற்றதன்று. அன்பினாற் பிறந்ததாகலின் இதனை நாத்திகம் என்று தள்ளுதலும் முறையன்று. முதியவர் பல அடி நடந்த பின்னரே விடை கூறினார்.

"இக்கோடிக்குழகரைப் பாடிய நம்பியாரூரரும் கண்ணிழந்தவரே. திருவொற்றியூர் எல்லையைக் கடந்தவுடன் அவர்க்கு இருகண்ணும் மறைந்தன. அவர் பொறுத்துக்கொண்டு வாளாவிருந்தாரா? இல்லை. தலந்தோறும் கேட்டார், தோழரோடு பிணங்கினார். ஆதலின், நீ கேட்பதிற் குற்றமில்லை. நான் கேளாதிருந்ததே குறை. காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் பெற்றார் என்பதனை எல்லாரும் சொல்லுவர். அவற்றிற்கு முன்னே திருவெண்பாக்கத்தில் ஒன்று பெற்றார். அதனைப் பலர் எண்ணுவதில்லை. கண் கேட்டவர்க்கு இறைவன் அங்கே ஊன்றுகோல் கொடுத்தான். அக்கோலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் காஞ்சிக்கு நடந்தார். எனக்குக் கண் மீளுமோ, மீளாதோ! கோல் வந்துவிட்டது, தம்பி. சற்றுமுன் என் கன்னத்தை ஒட்டிக் குனிந்து நின்றதே, அதுதான்."

பேரன் தலைகுனிந்து நடந்தான். "அப்பறவைகட்கு?" என்றான் மெல்ல.

"அவற்றிற்கும் கோல் வேண்டும்" என்றார் முதியவர். "நீ எண்ணி எழுதுகின்றாயே, அது எதற்கு?"

1987 முதல் ஆண்டுதோறும் சனவரித் திங்களில் ஆசிய நாடுகளில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகின்றது. அதன்பொருட்டே அவன் எண்ணிப் பழகிக்கொண்டிருந்தான். எண்ணினாலன்றிக் குறைந்தது தெரியாது. குறைந்தது தெரிந்தாலன்றிக் காப்பார் இலர். குறையைக் காணும் கண்ணும், கண்டு வருந்தும் நெஞ்சும் ஒருவற்கு வாய்த்தலே, அக்குறையைத் தீர்க்கத் திருவருள் செய்யும் முதற் காட்டுதலாம். கண்டபின் செய்யாதொழிதல் கண்டவன் குற்றமாகுமேயன்றிக் காட்டியவன் குற்றமாகாது.

வெயிலேறியவுடன் இருவரும் திரும்பிக் குழகர் திருமுன் நின்றனர். பேரன் திருமேனியின் அணிகளை ஒவ்வொன்றாய்ச் சொல்ல, முதியவர் விளக்கொளியைக் கண்ணின் ஓரத்தாற் கண்டு தொழுதார். தனித்திருந்த குழகர்க்கு ஆரூரர் இரங்கினார். தனித்திருந்த முதியவர்க்குக் குழகர் இரங்கினார் போலும்.

இனி முன்னர்க் கூறிய ஐயத்திற்கு விடை காண்போம். பேரன் நின்ற இடத்தினின்று கைநீட்டியபொழுது காட்டுதல் நிகழ்ந்தது. முதியவர்க்குக் காட்சி நிகழ்ந்ததில்லை. அவன் தன் நிலையினின்று இறங்கி, அவர் நிற்குமிடத்தில் நின்று, அவர் காணுமாற்றைத் தான் முதலிற் கண்டு, பின் காட்டியபொழுதே அவர் கண்டார். அவர் கண்டபொழுது அவனும் உடன்கண்டான். உடன்காணாது காட்டுவது, காட்டுவார்க்குத் தெரிதலையே தெரிவிக்கும், காண்பார்க்குக் காட்சியாகாது. ஆதலின் காணும் உபகாரம் மிகையன்று. அஃதின்றேல் காட்டும் உபகாரம் முற்றுப்பெறாது என்க.

அற்றேல், பேரனும் முதியவரும் இருவராதலானும், பேரன் குனிந்தபொழுதன்றி ஏனைப்பொழுது உடனாகாமையானும் இவ்வுவமை முற்றும் பொருந்துமோ எனின், பொருந்தாது. உவமை ஒருபுடை ஒப்பதே. முதல்வன் உயிரை வந்தணுகுபவன் அல்லன். அநாதியே அதனோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்பவன். அவன் குனிதலை நாம் அறிவது எப்பொழுதோ அப்பொழுதே அவன் குனிந்ததாக நமக்குத் தோன்றும். அவனோ என்றும் நம் கன்னத்தை ஒட்டியே நிற்கின்றான்.

இதனினும் ஒன்று சிறந்ததாக எண்ணற்பாலது. அப்பதினோராஞ் சூத்திரம் காட்டுதலையும் காணுதலையும் கூறி அவ்வளவில் நின்றுவிடவில்லை. அவ்வுபகாரத்தை மறவாத அன்பினால் உயிர் அரன் திருவடியை அடையும் என்று அன்பில் முடிகின்றது. முதியவர் இத்தனை ஆண்டும் அதன் அளவைப் பகுதியையே விரித்து வந்தார். சேற்றுவெளியில் அவர் குரல் நடுங்கியது பறவையைக் கண்டமையால் மாத்திரம் அன்று. தம்பொருட்டு ஒருவன் குனிந்தான் என்பதனை உணர்ந்தமையால் ஆம். தனக்காகக் குனிந்தவனை உயிர் அறியுமாயின், அன்பு செய்க என்று அதற்கு ஏவல் வேண்டாவாம்.

தை பிறந்தபின் முதியவர் பேழையைத் திறந்தார். இப்பொழுது நூலை மாணாக்கர் படிக்கின்றனர். பொருளை அவர் கூறுகின்றார். வரி தடைப்படுமிடத்தில் முன்போல் இருந்த இடத்திலிருந்து திருத்துதலின்றி, படிப்பவன் அருகே சென்று அமர்ந்து, அவன் எங்கே நிற்கின்றான் என்று கேட்டறிந்து, அங்கிருந்தே அவனை நடத்துகின்றார் என்ப.